மாத்திரை இலவசம், ஒரு நாள் கூலி போச்சு! எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் நேரமும் பணமும் எங்கே போகிறது?

சென்னை,

மாத்திரை இலவசம். டாக்டர் இலவசம். ரத்தப் பரிசோதனையும் இலவசம்.

ஆனால் அதை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போச்சு! அதை யார் கொடுப்பது?

எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள் ஆயுள் முழுவதும் மாத்திரை சாப்பிட வேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது. மாத்திரை தீர்ந்தால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகணும். சீட்டு, எடை, டாக்டர், கவுன்சிலர், மருந்து கவுண்டர் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு கியூ.

கட்டட வேலைக்குப் போகிற ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் வருடத்துக்கு 12 நாள் வேலை போச்சு. கூலி நஷ்டம் ரூ.8,400. பஸ், டீ, சாப்பாட்டுச் செலவு தனி.

அதே ஆள் 3 மாதத்துக்கு ஒரு முறை போனால் 4 நாள்தான். நஷ்டம் ரூ.2,800.

6 மாதத்துக்கு ஒரு முறை போனால் 2 நாள். நஷ்டம் ரூ.1,400 மட்டுமே!

மாத்திரை ஒன்றுதான். ஆஸ்பத்திரியும் ஒன்றுதான். நடைமுறையை மாற்றினால் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு 7 ஆயிரம் ரூபாய் மிச்சம்.

கூலியைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. மாதா மாதம் லீவு கேட்டால் மேஸ்திரி "எதற்கு?" என்று கேட்பார். என்ன சொல்வது? உண்மையைச் சொல்ல முடியாது. பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய், "இந்த மாதம் போக வேண்டாம்" என்று உட்கார்ந்துவிட்டால் அங்கேதான் ஆபத்து ஆரம்பம்.

வீட்டு பிரிட்ஜில் ரத்தம்!

இந்தக் கதை ஆரம்பித்ததே சென்னையில்தான்.

1986-ம் ஆண்டு. "எய்ட்ஸ் எல்லாம் வெளிநாட்டு நோய், நம்ம ஊருக்கு வராது" என்று பெரிய பெரியவர்களே சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார் டாக்டர் செல்லப்பன் நிர்மலா. அவருக்கு வழிகாட்டி பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். "சென்னையில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று சோதித்துப் பார்" என்றார் பேராசிரியை.

காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார் நிர்மலா. அதைப் பத்திரப்படுத்த வசதி கிடையாது. என்ன செய்தார் தெரியுமா? தன் வீட்டு பிரிட்ஜிலேயே வைத்தார்!

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. ஐஸ் பெட்டியில் வைத்து ராத்திரி ரெயிலில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே 6 மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் மறுபடி சோதித்தார்கள். அங்கேயும் அதே முடிவு.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது இப்படித்தான் நாட்டுக்குத் தெரிந்தது.

கையில் இருந்ததை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்தார்கள். அன்று ஒரு பிரிட்ஜ், ஒரு ரெயில் டிக்கெட். இன்று நாடு முழுவதும் சிகிச்சை மையங்கள், கோடிக்கணக்கில் பணம். ஆனால் கேள்வி மட்டும் மாறவில்லை. இருப்பதை எப்படிப் பயன்படுத்துவது?

தாம்பரத்தில் இலவசம்

தாம்பரம் சானடோரியம் என்றால் மின்சார ரெயிலில் போகிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் வந்ததே அங்குள்ள காச நோய் ஆஸ்பத்திரியால்தான். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் ஆரம்பித்தது. பிறகு சர்க்கார் எடுத்துக்கொண்டது.

எய்ட்ஸ் நோயாளிகளைப் பல இடங்களில் சேர்க்கவே தயங்கிய காலத்தில், கதவைத் திறந்து வைத்த ஆஸ்பத்திரி அது. 1990-களில் தென் மாநிலங்களில் இருந்தெல்லாம் நோயாளிகள் அங்கே வந்தார்கள்.

2004 ஏப்ரல் 1-ந் தேதி மத்திய சர்க்கார் எச்.ஐ.வி. மாத்திரையை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் 8 ஆஸ்பத்திரிகளில் மட்டும்தான். அதில் தாம்பரமும் ஒன்று.

அதற்கு முன்பு இந்த மாத்திரை விலை என்ன தெரியுமா?

2000-ம் ஆண்டு வாக்கில், மேல்நாட்டுக் கம்பெனி மருந்து என்றால் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 10 ஆயிரம் முதல் 15 ஆயிரம் டாலர்! பணக்காரர்களுக்கே மூச்சு முட்டும்.

2001 பிப்ரவரியில் மும்பை சிப்லா கம்பெனியின் தலைவர் யூசுப் ஹமீது ஒரு குண்டைப் போட்டார். "எல்லைகளற்ற டாக்டர்கள்" என்ற சேவை அமைப்புக்கு, ஒரு ஆளுக்கு வருடத்துக்கு 350 டாலருக்கே மருந்து தருகிறேன் என்றார். அதாவது ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. உலகமே வாயைப் பிளந்தது.

அதன் பிறகு விலை இறங்கிக்கொண்டே வந்தது. இன்று கொடுக்கப்படும் முக்கியமான மாத்திரையில் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் என்ற 3 மருந்துகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தினம் ஒரு மாத்திரை போதும். இதை வருடத்துக்கு 45 டாலருக்கும் குறைவான விலையில் ஏழை நாடுகளுக்கு வாங்கித் தர ஏற்பாடு ஆகியிருப்பதாக 2023-ல் "குளோபல் பண்ட்" அமைப்பு அறிவித்தது.

ஆக, மருந்து விலை குறைந்தது. ஆனால் மருந்து வாங்குகிறவர்கள் கூட்டம் பெருகியது.

முன்பெல்லாம் உடம்பில் எதிர்ப்புச் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று "சி.டி.-4" என்ற கணக்கைப் பார்ப்பார்கள். 200-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை என்று இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2010-ல் அதை 350 என்று உயர்த்தியது. 2013-ல் 500 என்றது. 2015-ல் "கணக்கே வேண்டாம், கிருமி இருப்பது தெரிந்தால் உடனே மாத்திரை கொடு" என்று சொல்லிவிட்டது. இந்தியாவிலும் 2017-ல் அந்த முறை வந்தது.

நல்ல முடிவு. ஆனால் ஆஸ்பத்திரி வராந்தா மட்டும் அதே வராந்தாதானே!

இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 லட்சம் பேருக்கு மேல் என்பது 2023-ம் ஆண்டு மதிப்பீடு. அதில் 16 லட்சம் பேருக்கு மேல் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

ஒரு ஆளுக்கு ஏழரை நிமிடம்!

மறுபடியும் ஒரு கணக்கு. கடைக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஒரு மையத்தில் 1,200 பேர் மாத்திரை வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் மாதா மாதம் வருகிறார்கள். மாதத்தில் 25 வேலை நாள். அப்படியானால் ஒரு நாளைக்கு 48 பேர்.

டாக்டர் ஒருவர். அவர் 6 மணி நேரம் விடாமல் பார்க்கிறார். ஒரு ஆளுக்குக் கிடைப்பது ஏழரை நிமிடம்! உள்ளே வந்து உட்காரவே 2 நிமிடம் ஆகிவிடும்.

அந்த 48 பேரில் பெரும்பாலோர் நன்றாக இருப்பவர்கள். வேலைக்குப் போகிறவர்கள். "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன் டாக்டர்." மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதற்காக அவர்கள் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதே கியூவில், நேற்றுதான் கிருமி இருப்பது தெரிந்து அழுது அழுது முகம் வீங்கிய ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கலாம். காய்ச்சலில் நடுங்குகிற ஒருவரும் இருக்கலாம். அவர்களுக்கும் அதே ஏழரை நிமிடம்தான்.

1,200 பேருக்கும் 3 மாத மாத்திரை கொடுத்தால்? நாளைக்கு 16 பேர்தான் வருவார்கள். ஒரு ஆளுக்கு 22 நிமிடம்.

புது டாக்டர் போடவில்லை. புதுக் கட்டடம் கட்டவில்லை. நேரம் மட்டும் மூன்று மடங்கு ஆச்சு!

எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுக்க முடியாதுதான். புதிதாக ஆரம்பித்தவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அடிக்கடி வரத்தான் வேண்டும். நன்றாக இருப்பவர்களைத் தனியாகப் பிரித்து, அவர்களுக்கு அலைச்சலைக் குறைப்பதுதான் யோசனை. 

உலக சுகாதார நிறுவனமும் 2016-ல் இதையே சொன்னது. உடல்நிலை சீராக இருப்பவர்கள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றது. நம் நாட்டு வழிமுறையிலும் அப்படிப்பட்டவர்களுக்கு 3 மாத மாத்திரை கொடுக்க இடம் உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது இந்த முறை வேகம் பிடித்தது.

6 பேர் சேர்ந்தார்கள்

இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் சொல்கிறவர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள்!

மொசாம்பிக் நாட்டில் டெட்டே என்று ஒரு மாகாணம். கிராமத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே நெடுந்தூரம். பஸ்சுக்குக் காசு கிடையாது. மாத்திரை வாங்காமல் நின்றுவிட்டவர்கள் ஏராளம்.

2008-ல் அங்கே ஒரு யோசனை செய்தார்கள். பக்கத்து பக்கத்து வீடுகளில் இருக்கும் நோயாளிகள் 6 பேர் வரை சேர்ந்து ஒரு குழு. இந்த மாதம் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போவார். தன் உடம்பையும் காட்டிக்கொண்டு, மற்ற 5 பேருக்கும் மாத்திரை வாங்கி வருவார். அடுத்த மாதம் அடுத்தவர் முறை. ஆக, ஒரு ஆள் 6 மாதத்துக்கு ஒரு முறை போனால் போதும். 

கிட்டத்தட்ட நம்ம ஊர் சீட்டு மாதிரிதான்! முறை வைத்துக்கொண்டு நடத்துவது.

பலன் என்ன? 2010 மே மாதம் வரை 291 குழுக்களில் 1,384 பேர் சேர்ந்திருந்தார்கள். வேறு ஊருக்கு மாறிப் போனவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நூற்றுக்கு 97 பேர் மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "எங்கே போனார் என்றே தெரியவில்லை" என்று கணக்கில் விடுபட்டவர்கள் 2 பேர்தான்!

தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன் நகரை ஒட்டி கயெலிட்சா என்ற பெரிய குடிசைப் பகுதி. அங்கே 2007-ல் "கிளப்" ஆரம்பித்தார்கள். 30 பேர் வரை ஒரு கிளப். 2 மாதத்துக்கு ஒரு முறை கூடுவார்கள். மாத்திரை முன்னாலேயே பொட்டலம் கட்டி, பெயர் எழுதித் தயாராக இருக்கும். எடை பார்ப்பது, "இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா" என்று கேட்பது, பொட்டலத்தைக் கொடுப்பது எல்லாம் பயிற்சி பெற்ற ஊழியர். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. டாக்டர் தேவைப்பட்டால் மட்டும் அனுப்புவார்கள்.

40 மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். கிளப்பில் சேர்ந்தவர்களில் 97 சதவீதம் பேர் சிகிச்சையில் இருந்தார்கள். வழக்கம்போல ஆஸ்பத்திரி கியூவில் நின்றவர்களில் 85 சதவீதம் பேர்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளப்பில் சேர்ந்தவர்கள் முதலிலேயே ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டவர்கள். அதனால் வித்தியாசம் முழுவதும் கிளப்பால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கியூவைக் குறைத்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

டாக்டர்தான் பார்க்கணுமா?

"டாக்டரைப் பார்க்காமல் நர்சு பார்த்தால் சரியா வருமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இதைத் தென் ஆப்பிரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 812 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியை டாக்டர்கள் கவனித்தார்கள். இன்னொரு பகுதியைப் பயிற்சி பெற்ற நர்சுகள் கவனித்தார்கள். 2010-ல் முடிவு வெளிவந்தது. நர்சுகளின் சிகிச்சை டாக்டர்களின் சிகிச்சைக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது.

இதனால் டாக்டருக்கு மரியாதை குறையவில்லை. டாக்டரின் மூளை எங்கே தேவையோ அங்கே போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். மாத்திரையை எண்ணிக் கொடுக்க எம்.பி.பி.எஸ். எதற்கு?

நம்ம ஊர் மையங்களிலும் டாக்டர், நர்சு, மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், கவுன்சிலர், கணக்கு எழுதுகிறவர் என்று ஆளுக்கொரு வேலை உண்டு. இவர்களோடு எச்.ஐ.வி.யோடு வாழ்கிற ஒருவரையும் ஊழியராக வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவரிடம், "பயப்படாதீங்க, நானும் இதே மாத்திரைதான் சாப்பிடுறேன்" என்று அவரால்தானே சொல்ல முடியும்?

எந்த டெஸ்ட் வேணும்?

பணம் போகிற இன்னொரு வழி ரத்தப் பரிசோதனை.

"எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிடுவோமே, நல்லதுதானே?" என்று தோன்றும். ஆனால் டெஸ்டுக்குச் செலவழிக்கும் பணமும் மாத்திரைக்குச் செலவழிக்கும் பணமும் ஒரே பெட்டியில் இருந்துதான் வருகின்றன.

உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் 3,316 பேரை வைத்து 5 வருடம் ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு 3 மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட் எடுத்து, அதன் முடிவைப் பார்த்து சிகிச்சை. மீதிப் பேருக்கு உடம்பில் தெரியும் அறிகுறியைப் பார்த்து சிகிச்சை. அவசியமானால் மட்டும் டெஸ்ட்.

5 வருடம் கழித்து, டெஸ்ட் எடுத்தவர்களில் 90 சதவீதம் பேரும் எடுக்காதவர்களில் 87 சதவீதம் பேரும் உயிரோடு இருந்தார்கள். வித்தியாசம் உண்டு, ஆனால் பெரிய வித்தியாசம் இல்லை. "லேப் இல்லை என்று சொல்லி மாத்திரையை நிறுத்தி வைக்காதே" என்பதுதான் அதில் கிடைத்த பாடம்.

அதற்காக டெஸ்டே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் "வைரல் லோடு" பரிசோதனை மிக முக்கியம். மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்பதை அதுதான் நேரடியாகச் சொல்லும். இந்தியாவில் 2018-ல் இருந்து எல்லோருக்கும் இதை இலவசமாக எடுக்கத் திட்டம் வந்தது. ஆரம்பித்த 6-வது மாதம், 12-வது மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு முறை.

கிருமி நன்றாக அடங்கியிருக்கிறவருக்கு அடிக்கடி சி.டி.-4 டெஸ்ட் எடுக்கத் தேவை இல்லை. அந்தக் காசை வைரல் லோடுக்குத் திருப்பலாம். இதுதான் சிக்கனம். இல்லாததை வெட்டுவது சிக்கனம் அல்ல; தேவையில்லாததை வெட்டுவதுதான் சிக்கனம்.

கியூவில் எமன்!

கியூ என்பது நேரத்தை மட்டும் தின்பதில்லை. ஆளையும் தின்னும்!

எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகமாகக் கொல்லுவது காச நோய். அது இருமலில் பரவும். ஜன்னல் இல்லாத ஹாலில் 50 பேர் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க, அதில் ஒருவருக்குக் காச நோய் இருந்தால் என்ன ஆகும்?

தென் ஆப்பிரிக்காவில் டுகேலா பெர்ரி என்ற சின்ன ஊர். அங்கே பல மருந்துகளுக்கு மசியாத காச நோய் பரவியது. 2006-ல் வெளிவந்த தகவல் உலகத்தை உலுக்கியது. 53 பேருக்கு நோய். அதில் 52 பேர் சாவு! எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கப்பட்ட 44 பேருக்குமே எச்.ஐ.வி. இருந்தது. பலருக்கு இந்த நோய் ஆஸ்பத்திரியிலேயே தொற்றியிருக்க வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு கட்டினார்கள்.

மருந்து வாங்க வந்தவர் நோயை வாங்கிக்கொண்டு போவது போல ஒரு கொடுமை உண்டா?

அதனால்தான் இருமுகிறவரை வாசலிலேயே கண்டுபிடித்து, முதலில் பார்த்து அனுப்ப வேண்டும் என்கிறார்கள். ஜன்னலைத் திறந்து வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. காச நோய் மாத்திரைக்கு ஒரு இடம், எச்.ஐ.வி. மாத்திரைக்கு ஒரு இடம் என்று அலையவிடாமல், ஒரே இடத்தில் கொடுப்பதும் இதில் சேர்ந்ததுதான்.

ஸ்டாக் இல்லை!

இவ்வளவும் சொன்னபிறகு ஒரு முட்டுக்கட்டை. 3 மாத மாத்திரை கொடுக்க வேண்டுமானால் 3 மாத மாத்திரை கையில் இருக்க வேண்டுமே!

மளிகைக் கடையில் அரிசி மூட்டை வருவதற்கு முன்பே பழைய மூட்டை காலியானால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். இங்கே பக்கத்துக் கடை கிடையாது.

2022-ல் அப்படித்தான் ஆச்சு. பல மாநிலங்களில் சில வகை மாத்திரைகளுக்குத் தட்டுப்பாடு என்று புகார் கிளம்பியது. சில இடங்களில் சில நாள் மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள் என்று நோயாளிகள் குற்றம் சாட்டினார்கள். ஜூலை மாதம் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆபீசுக்கு முன்னால் உட்கார்ந்து நாள் கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். நாட்டு அளவில் போதிய இருப்பு இருக்கிறது என்று சர்க்கார் தரப்பில் சொன்னார்கள்.

நாட்டு அளவில் இருப்பது வேறு. என் ஊர் கவுண்டரில் இருப்பது வேறு. ஒரு மையத்தில் அலமாரி நிறைய மாத்திரை, இன்னொரு மையத்தில் காலி அலமாரி என்றால், மொத்தக் கணக்கு சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

மாத்திரை நின்றால் கிருமி மறுபடி பெருகும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே மசியாத கிருமி உருவாகும். பிறகு வேறு வகை மருந்து. விலை அதிகம். ஸ்டாக் வாங்கத் தாமதித்து மிச்சம் பிடித்த காசு, வட்டியும் முதலுமாகத் திரும்பப் போய்விடும்.

ஆகவே மருந்து கவுண்டரில் செய்ய வேண்டியது கடைக்காரர் செய்வதுதான். எத்தனை டப்பா போயிற்று, எத்தனை பாக்கி, எது முதலில் காலாவதி ஆகும் என்று தினமும் எழுத வேண்டும். முதலில் காலாவதி ஆவதை முதலில் கொடுக்க வேண்டும். குறைந்தால் தீரும்வரை காத்திராமல் முன்கூட்டியே கேட்க வேண்டும். உபரி இருக்கிற மையம் இல்லாத மையத்துக்கு அனுப்ப வேண்டும். 

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் 5-வது கட்டத்துக்கு, 2021 முதல் 2026 வரையிலான 5 வருடத்துக்கு, மத்திய சர்க்கார் ஒதுக்கியது ரூ.15,471 கோடி. வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்த ஆப்பிரிக்க மையங்கள் பல, 2025 ஜனவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தி வைத்தபோது திண்டாடிப்போயின. நம் திட்டம் பெரும்பாலும் நம் வரிப் பணத்தில் நடக்கிறது. அது பலம். ஆனால் நம் வரிப் பணம் என்பதால் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு கேட்கிற உரிமையும் நமக்கு உண்டு.

இதில் மட்டும் கை வைக்காதே!

சிக்கனம் என்று சொல்லிச் சில இடங்களில் கை வைக்கக்கூடாது.

முதலாவது, கவுன்சிலர். அவர் பேசுகிற 15 நிமிடம் வீண் செலவு போலத் தெரியும். ஆனால் "மாத்திரை சாப்பிட்டா மயக்கம் வருது, நிறுத்திட்டேன்" என்பதை ஒருவர் அவரிடம்தான் சொல்வார்.

இரண்டாவது, ரகசியம். தென் ஆப்பிரிக்காவில் கிளப் நடந்தது என்பதற்காக நம்ம தெருவில் கிளப் வைக்க முடியுமா? யார் யார் வருகிறார்கள் என்று எதிர்வீட்டு ஜன்னல் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குப் பக்கத்திலேயே மாத்திரை கிடைக்க இணைப்பு மையங்கள் இருந்தாலும், "யாராவது பார்த்துவிடுவார்கள்" என்று 2 பஸ் மாறி தூரத்து ஆஸ்பத்திரிக்கே போகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

3 மாத டப்பாக்களை எங்கே ஒளித்து வைப்பது என்று தவிக்கிற மருமகளும் இருக்கலாம். அதனால் 1 மாதமா, 3 மாதமா, பக்கத்து மையமா, தூரத்து மையமா என்பதை நோயாளியிடம் கேட்டுத்தான் முடிவு செய்யணும். 

எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரகசியத்தைக் காக்க 2017-ல் தனிச் சட்டமே வந்தது. 2018 செப்டம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக்கூடாது. வேலை, வீடு, சிகிச்சை ஆகியவற்றில் பாரபட்சம் காட்டவும் கூடாது.

நமக்கு என்ன?

"யாருக்கோ நோய், நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். 

நமக்கும் உண்டு. 9 நாடுகளில் 1,763 தம்பதிகளிடம் ஒரு ஆராய்ச்சி நடந்தது. கணவன்-மனைவியில் ஒருவருக்கு மட்டும் கிருமி. சென்னையைச் சேர்ந்த தம்பதிகளும் அதில் கலந்துகொண்டார்கள். 2011-ல் முடிவு வந்தது. சீக்கிரமே மாத்திரை ஆரம்பித்தவர்களிடம் இருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது!

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டால், உடலுறவு மூலம் அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை என்று பிறகு வந்த ஆராய்ச்சிகளும் உறுதி செய்துவிட்டன. தாய்க்குச் சிகிச்சை கொடுத்தால் குழந்தையையும் காப்பாற்றலாம்.

அப்படியானால், ஒருவர் மாத்திரையை விடாமல் சாப்பிடுவது அவர் குடும்பத்துக்கும் காப்பு. ஊருக்கும் காப்பு. அவரைக் கியூவில் நிற்கவைத்துச் சலிக்கவைத்தால் நஷ்டம் எல்லோருக்கும்தான்.

சந்தேகம் உள்ளவர்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் உள்ள "நம்பிக்கை மையத்தில்" இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். பெயர் வெளியே போகாது. 1097 என்ற எண்ணுக்கு போன் செய்தும் விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது.

மருந்து கண்டுபிடிக்க உலகத்துக்குப் பல வருடம் ஆச்சு. விலையைக் குறைக்க இன்னும் சில வருடம் ஆச்சு. இனி குறைக்க வேண்டியது கியூதான். அதற்கு விஞ்ஞானி தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், நேரம் குறித்த ஒரு சீட்டும், காலியாகாத ஒரு அலமாரியும் போதும்.